நீ அவிழ்த்த சாக்குத் துணி

தம்பி,

இதைப் போனில் சொன்னால் பாதியில் நான் கத்துவேன், பாதியில் நீ ‘மீட்டிங் இருக்குப்பா, அப்பறம் பேசுறேன்’ என்று வைத்துவிடுவாய். நமக்குள் வழக்கம் அது. அதனால் எழுதுகிறேன். ராமநாதபுரத்தில் ஐடிஐ படித்த காலத்துக்கு அப்புறம் நான் இத்தனை பக்கம் எழுதியதில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்து வந்து மூன்று கட்டாக அலமாரியில் கிடக்கிறது. ‘இன்னும் ஏன்ப்பா குடுக்கப் போகல’ என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். முழங்கால் வலி என்றேன், அம்மாவுக்குச் சளி என்றேன். இரண்டும் பொய். ஒரே ஒரு வீட்டுக்குப் போனோம், அங்கே நடந்ததோடு நின்றுவிட்டது. அதற்குக் காரணம் நீ நம் ஊர் கடல்பாசி பேக்டரிக்குள் போய் எடுத்துப் போட்ட அந்த வீடியோ. அதற்கும் முந்திய காரணம் நான். இரண்டையும் இந்தக் கடிதத்தில் எழுதப் போகிறேன், முழுதாகப் படித்துவிட்டுக் கோபப்படு.

உன் வீடியோவை நான் ஏழு தடவை பார்த்தேன். ‘கைவிடப்பட்ட பேய் பேக்டரி’ என்று பெயர் வைத்திருக்கிறாய். உடைந்த கேட்டின் சந்து வழியாக நுழைகிறாய், உடைமரத்து முள் சட்டையில் மாட்டிக்கொண்டதற்கே பேய் இழுத்ததுபோல் கத்துகிறாய். பாய்லர் ரூமில் வௌவால், ஐஸ் ரூமில் இருட்டு, அலசல் தொட்டியில் ஆட்டுப் புழுக்கை, எல்லாவற்றுக்கும் பயங்கரமாக ஒரு இசை போட்டிருக்கிறாய். போகட்டும், உன் வயசு. பிறகு பெரிய ஹாலுக்கு வருகிறாய். தரையில் முழ உயரத்துக்கு ஆறு முளைகள் நிற்கின்றன, ஒவ்வொன்றும் தார் தோய்ந்த சாக்கில் இறுக்கிச் சுற்றிக் கட்டியிருக்கிறது. ‘நண்பர்களே, யாரோ இங்கே செய்வினை வச்சிருக்காங்க’ என்கிறாய். கத்தியால் ஒன்றை அறுத்து அவிழ்க்கிறாய். உள்ளே லாரி டியூப் ரப்பர், அதற்குள்ளே இறுகிப்போன கிரீஸ், அதற்குள்ளே ஒரு போல்ட். அதன் தலையில் மூன்று புள்ளிகள் குத்தியிருப்பதைக் காட்டி ‘மந்திரக் குறி’ என்கிறாய். கேமரா பிடித்த உன் சிநேகிதன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அந்த இடத்தில் முதல் தடவை பார்த்தபோது நான் உன்னைக் கவனிக்கவில்லை, போல்ட்டைத்தான் பார்த்தேன். இருபது வருஷத்துக்கு மேல் உப்புக்காற்றில் நின்றும் அதன் திருகு மரை துருப்பிடிக்காமல் பளபளவென்று இருந்தது. ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, ஏனென்றால் அதைச் சுற்றிக் கட்டியது நான்தான்.

அதற்கு அடுத்துத்தான் நீ அந்த ஆளுக்குப் போன் போடுகிறாய். அந்தப் பேக்டரியின் மேனேஜர், உன் ஞானத்தகப்பன், உனக்கு ‘அங்கிள்’. அவர் குரல் அப்படியே இருக்கிறது, வயசாகவே இல்லை. ‘அந்த ஊர்ப் பொம்பளைங்க கேட்டை மறிச்சாங்க தம்பி, உள்ள பூந்து மிஷினையெல்லாம் ஒடைச்சுப்புட்டாங்க. ஒடைஞ்ச இரும்ப எடைக்குத்தான் போட்டோம். அவங்க சோத்துல அவங்களே மண்ணைப் போட்டுக்கிட்டாங்க’ என்கிறார். நீயும் கேமராவைப் பார்த்து, ‘பாத்தீங்களா நண்பர்களே, ஒரு ஸ்ட்ரைக் ஒரு ஊரையே அழிச்சிருச்சு’ என்று முடிக்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சோற்றை என் பிள்ளையே ஊருக்குப் பரிமாறுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அன்று மத்தியானம் நீ எங்கே சாப்பிட்டாய் என்று நினைவிருக்கிறதா? நம் வீட்டில். உன் அம்மா ஊளி மீன் பொரித்துப் போட்டாள். அந்தப் பேக்டரியில் பதினோரு வருஷம் பாசி அலசிய பொம்பளை உனக்கு முன்னால் நின்று ‘இன்னும் ஒரு துண்டு வைக்கவா’ என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கே மிஷின் பிட்டராக இருந்த நான் எதிரில் உட்கார்ந்து முள் எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘ஷூட்டுக்குப் போயிட்டு வாரேன்’ என்று கை கழுவிவிட்டுப் போனாய். அது எனக்கு வலித்ததுபோல் சமீபத்தில் எதுவும் வலிக்கவில்லை.

முதல் பத்திரிகை கோயிலுக்கு, இரண்டாவது சூசையம்மாவுக்கு என்று உன் நிச்சயதார்த்தத்தன்றே உன் அம்மா சொல்லிவிட்டாள். சூசையம்மாவை உனக்குத் தெரியும், ஆனால் இது தெரியாது: நீ பிறந்து ஐந்தாம் மாதமே அம்மா வேலைக்குத் திரும்பினாள், உன்னைப் பேக்டரி வேப்பமரத்தில் தூளி கட்டிப் போட்டாள். அலசல் தொட்டியில் அவளுக்குப் பக்கத்தில் நின்ற சூசையம்மா தூளிக் கயிற்றைத் தன் கால் கட்டை விரலில் மாட்டிக்கொண்டு, கையால் பாசியை அலசிக்கொண்டே காலால் உன்னை ஆட்டுவாள். அவள் வீட்டுக்குத்தான் தட்டோடு போனோம். வெற்றிலை, பாக்கு, பழம், மேலே பத்திரிகை. தட்டை இரண்டு கையாலும் வாங்கி, பத்திரிகையை எடுத்துக்கொண்டு, ஒரு பிடி சீனி போட்டுத் திருப்பித் தருவதுதான் நம் பக்கத்து மரியாதை என்று உனக்குத் தெரியும். அவள் வாங்கினாள். வாங்கித் தரையில் வைத்தாள்.

‘ஏன் மதினி, கீழ வைக்கிற?’ என்றாள் உன் அம்மா.

‘நாங்க மிஷின ஒடைச்சவளுகளாம்ல மதினி. ஒங்க மகன் சொல்லிட்டாரு. என் பேத்தி செல்லுல காமிச்சா.’

‘சின்னப்பய, தெரியாமப் பேசிட்டான்.’

‘பொண்டாட்டி கட்டப் போற ஆளு சின்னப்பயலா? நல்லாருக்கு. தட்டு இங்கனயே இருக்கட்டும் மதினி. நான் எடுக்கவா வேணாமாங்கிறத அவரே சொல்லட்டும்.’ பிறகு என் பக்கம் திரும்பினாள். ‘அண்ணே, ஒங்களுக்குத் தெரியும்ல நாங்க ஒடைக்கலன்னு? அங்கன கடைசி வரைக்கும் உள்ள இருந்தது நீங்கதான். ஒரு வார்த்த சொல்லலாம்ல?’

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘வாரேன்’ என்றேன். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவுக்கு வந்துவிட்டேன். அந்தத் தட்டு இன்னும் அவள் வீட்டில்தான் இருக்கிறது, வெற்றிலை இந்நேரம் காய்ந்திருக்கும். அங்கே வேலை பார்த்த பொம்பளைகள் எல்லோருக்கும் சேதி போய்விட்டது. பெரியபட்டினத்திலிருந்து பஸ்ஸில் வந்து வேலை பார்த்தவர்கள்வரை அந்த வீடியோவைப் பார்த்துவிட்டார்கள். உன் கல்யாணத்துக்கு அவர்கள் வருவதும் வராததும் பெரிதில்லை என்று நீ நினைக்கலாம். உன் அம்மாவுக்கு அவர்கள் இல்லாமல் அது கல்யாணமே இல்லை. எனக்கு அதையும் விடப் பெரிய காரியம் ஒன்று இருக்கிறது. சூசையம்மா கேட்ட அந்த ஒரு வார்த்தை என்னிடம்தான் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாக அதை வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

பேக்டரி எப்படி இருந்தது என்று நான் உனக்குச் சொன்னதேயில்லை. தீவுகளைச் சுற்றிப் பொம்பளைகள் மூழ்கி எடுத்துவந்த கடல்பாசி அங்கே வந்து குவியும். அதை அலசி, பெரிய கொப்பரையில் நீராவியில் வேகவைத்து, பிழிந்து, கூழைத் தட்டில் ஊற்றி உறையவைத்து, ஐஸ் ரூமில் வைத்து, பிறகு காயவைத்துப் பொடியாக்குவோம். ஐஸ்கிரீமிலிருந்து மருந்துவரை அந்தப் பொடி போகும் என்பார்கள். நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம், பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். ஆனால் அந்த நாற்றத்தோடு வீட்டுக்கு வந்த பொம்பளைகள் அதற்குப் பிறகு கடலில் மூழ்கவேண்டியிருக்கவில்லை. விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பிய்க்கிற வேலையைப் பார்த்தவர்களுக்குத்தான் தலைக்கு மேல் ஒரு கூரையும் காலுக்குக் கீழே ஒரு தரையும் இருப்பதன் அருமை தெரியும். எனக்குப் பிழிகிற மிஷின்தான் பிள்ளை மாதிரி. அதன் ஒவ்வொரு தகடும் எந்தப் பக்கம் லேசாக வளைந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

மேனேஜரைப் பற்றியும் சரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்டவன் கொம்போடு வருவான் என்று நீ நினைத்துவிடக் கூடாது. நல்ல மனுஷனாகத்தான் இருந்தார். என்னைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார். நம் வீட்டுத் தரையில் உட்கார்ந்து கணவாய்க் குழம்பு சாப்பிட்டிருக்கிறார். நீ பிறந்ததும் ‘நான்தான் ஞானத்தகப்பன்’ என்று அவராகவே கேட்டார். ஞானஸ்நானத்தில் உன் தலையில் தண்ணீர் ஊற்றியபோது மெழுகுதிரியைப் பிடித்து நின்றதும் அவர்தான், சாத்தானை விட்டுவிடுகிறேன் என்று உனக்காகப் பதில் சொன்னதும் அவர்தான். ஒரு மேனேஜர் பிட்டர் வீட்டுக் குழந்தைக்கு ஞானத்தகப்பன் என்றால் ஊரில் என் நடையே மாறிப்போனது. சும்மா சொல்லக் கூடாது, கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

உனக்கு ஏழு வயசு இருக்கும்போது, மிஷின்களை மராமத்துக்கு அனுப்பப் போகிறோம், மூன்று மாதம் பேக்டரி மூடியிருக்கும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘தம்பி, நீதான் கழட்டணும், நீதான் திரும்ப மாட்டணும், அதனால ஒண்ணுவிடாம அடையாளம் வச்சுக் கழட்டு’ என்றார். கழற்றி மாட்டுகிற வேலையில் இருக்கிறவர்களுக்கு அது தெரியும். ஒரு போல்ட்டுக்கு ஒரு புள்ளி குத்தினால், அது நுழைகிற மிஷின் காலிலும் அதே ஒரு புள்ளி. அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து மூன்று. இது இருந்தால் வருஷம் கழித்துக் குருடன்கூட மாட்டிவிடலாம். போல்ட், தகடு எல்லாவற்றிலும் நான் குத்தினேன். மிஷினைத் தூக்கிய பிறகு, காங்கிரீட் தரையில் புதைத்திருந்த போல்ட்டுகள் மட்டும் நின்றன. நம் காற்று ஒரு மழைக்காலத்துக்குள் மரையைத் தின்றுவிடும் என்று, யாரும் சொல்லாமலே நானாகக் கிரீஸ் பூசி, ரப்பர் சுற்றி, தார் தோய்த்த சாக்கை வைத்துக் கட்டினேன். அவர் நின்று பார்த்தார். என் தோளைத் தட்டினார். ‘உன்ன மாதிரி ஒருத்தன் போதும்’ என்றார். அந்த மிஷின் எங்கே போகிறது என்று அப்போதே அவருக்குத் தெரியும். என் சாக்குத் துணியைப் பார்த்துக்கொண்டு அவரால் எப்படி என் தோளைத் தட்ட முடிந்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பொம்பளைகளுக்குச் சந்தேகம். லாரிகள் வந்த அன்றைக்கு நாற்பது பேரும் கேட்டுக்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்கள். கல் எறியவில்லை, உள்ளே வரவில்லை, சும்மா உட்கார்ந்தார்கள். இரண்டு நாள் வெயிலில் உட்கார்ந்தார்கள். உன் அம்மாவும் அதில் இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் நான் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சாக்கு சுற்றிய போல்ட்டுகளைக் காட்டினேன். அவள் குனிந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். வெளியே போய் என்ன சொன்னாள் என்பதை நானும் கேட்டேன். ‘எந்திரிங்கடி. விக்கப் போற சாமானுக்கு எவனாச்சும் போல்ட்டுக்கு எண்ணெ போட்டுத் துணி சுத்துவானா? என் வீட்டுக்காரரு பச்சப்புள்ளைக்குச் சுத்துற மாதிரி சுத்தி வச்சிருக்காரு, நான் கண்ணால பாத்தேன்.’ சூசையம்மாதான் முதலில் எழுந்தாள், சேலையைத் தட்டிக்கொண்டு. லாரி போவதற்குக் கேட்டை இழுத்துத் திறந்துவிட்டது உன் அம்மா. ஒரு நட்டுக்குக்கூட அவர்களால் சேதாரம் இல்லை.

இதுவரைக்கும் நான் ஏமாந்தவன். இனிமேல் சொல்லப் போவதைத்தான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. நாலு மாதம் கழித்து மேனேஜர் கடைப் போனுக்குக் கூப்பிட்டார், ‘மராமத்து முடிஞ்சிருச்சு, ஓட்டிப் பாக்க நீ வரணும்’ என்றார். இரண்டு நாள் ரயில். வேறு மாநிலம், அங்கேயும் ஒரு கடற்கரை. போய் இறங்கினால் அது பட்டறை இல்லை, புதுப் பேக்டரி. சுண்ணாம்பு வாசனை போகாத சுவர். அதற்குள்ளே என் மிஷின். தரையில் புதிதாக ஆறு போல்ட்டுகள் புதைத்திருந்தார்கள், என் போல்ட்டுகளின் அதே அளவில், அதே இடைவெளியில். ஒரு நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. ‘என்ன சார் இது’ என்றேன். ‘இங்க ஓட ஆரம்பிக்கட்டும் தம்பி, அங்கயும் ஒண்ணு போடுவோம்’ என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அந்த இடத்தில் திரும்பி ஸ்டேஷனுக்கு நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று கேள், சொல்கிறேன். அவர் மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. அந்த ஊர்ப் பிட்டர்கள் இரண்டு பேர் தகடுகளைத் தலைகீழாக மாட்டி வைத்திருந்தார்கள். என் புள்ளிகளைப் பார்த்தும் அவர்களுக்கு விளங்கவில்லை. அதைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்கவில்லை, தம்பி. ‘தள்ளுங்க’ என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்தேன். நாலு நாளில் மாட்டி முடித்தேன். முதல் நீராவியிலேயே ஓடியது, சொட்டு ஒழுகவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இந்தக் கடிதத்தில் எழுதக் கூசுகிற வரி அதுதான்.

ஊருக்கு வந்ததும் பொம்பளைகள் சூழ்ந்துகொண்டு ‘என்னண்ணே, எப்ப வருது’ என்றார்கள். ‘வேலை நடக்குது’ என்றேன். அடுத்த பொங்கலுக்கும் அதையே சொன்னேன். அதற்கடுத்த வருஷம் அவர்களாகவே கேட்பதை நிறுத்திவிட்டார்கள். சூசையம்மா நாற்பது வயசுக்கு மேல் திரும்பக் கடலில் இறங்கினாள். அவளுக்கு ஒரு காதில் சீழ் வைத்துக் கேட்காமல் போனது அதற்கப்புறம்தான். நான் கீழக்கரையில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். உன் ஞானத்தகப்பன் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் உனக்குச் சட்டை அனுப்பினார், நான் அதை உனக்குப் போட்டு அழகு பார்த்தேன். அவரைப் பற்றி நீ நல்லவிதமாகப் பேசும்போதெல்லாம் எழுந்து வெளியே போனேன். உன் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரையும் சேர்த்து அச்சடிக்கச் சொன்னதும் நான்தான், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே என்று. நீ எங்களிடம் ஏன் கேட்கவில்லை என்று மேலே கோபமாக எழுதினேன். அந்த வரிகளை அடித்துவிடவில்லை, அந்தக் கோபம் இருக்கட்டும். ஆனால் கேட்கக் கூடாது என்று உனக்குப் பழக்கியதும் நான்தான். நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது ‘அந்தப் பேக்டரி ஏம்ப்பா மூடுச்சு’ என்று கேட்டாய், ‘சோத்தத் தின்னு’ என்று அதட்டினேன். அதற்கப்புறம் நீ கேட்டதில்லை.

சூசையம்மா வீட்டிலிருந்து வந்த அன்று சாயங்காலம் உன் அம்மா முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரயில், புதுப் பேக்டரி, ஆறு போல்ட், நாலு நாள். அவள் நிமிரவில்லை. அழுவாள், ஏசுவாள், மீன் சட்டியைத் தூக்கி எறிவாள் என்று காத்திருந்தேன். ஒன்றே ஒன்று கேட்டாள்.

‘ஓடுச்சா?’

‘மொத ஸ்டீம்லயே ஓடுச்சு.’

கையைக் கழுவிவிட்டு எழுந்தாள். ‘அப்ப நாங்க ஒடைக்கலங்கிறதுக்கு நீங்கதான் சாட்சி’ என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் என்னோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டு வைக்கிறாள், ‘சாப்பிடுங்க’ என்று சொல்வதில்லை. முப்பது வருஷத்தில் அவளுக்கு என்மேல் எத்தனையோ கோபம் வந்திருக்கிறது, இது கோபம் இல்லை. தன் வாயால் நாற்பது பேரை எழுப்பிவிட்டவள் அவள். என் புருஷன் கட்டிய முடிச்சு என்று நம்பித்தான் கேட்டைத் திறந்தாள். மேனேஜர் எனக்குச் செய்ததை நான் அப்படியே அவளுக்குச் செய்திருக்கிறேன். அவர் என் தோளைத் தட்டினார், நான் அவள் சமைத்ததைச் சாப்பிட்டேன். உன் கல்யாணத்துக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஏதாவது இருந்தால் அது இதுதான். வரப்போகிற பெண்ணிடம் உன் வருமானத்தைச் சொல்கிறாயோ இல்லையோ, உன் கை செய்த காரியத்தைச் சொல்லிவிடு. அன்றன்றைக்கே சொல்லிவிடு, நாள் போனால் மரை பிடித்துக்கொள்ளும், பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் பேக்டரிக்குள் போனேன். மூடியதற்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. நீ நுழைந்த அதே சந்து. தொட்டி விளிம்பில் பொம்பளைகள் கை பட்டுப் பட்டு வழவழவென்று தேய்ந்த இடம் அப்படியே இருக்கிறது, வேப்பமரம் பட்டுப்போய்விட்டது, தூளிக் கயிறு தேய்த்த தழும்பு மட்டும் கிளையில் இருக்கிறது. நீ அதையெல்லாம் படம் எடுத்திருக்கிறாய், என்னவென்று தெரியாமல். ஹாலில் நீ அவிழ்த்துப் போட்ட மூன்று புள்ளிப் போல்ட் அம்மணமாக நின்றது. வீட்டிலிருந்து ஒரு நட்டைக் கொண்டுபோயிருந்தேன். வைத்துச் சுற்றினேன். ஸ்பானர் தேவைப்படவில்லை, கையாலேயே அடிவரைக்கும் இறங்கியது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். யாருக்காகவோ அவ்வளவு பத்திரமாகக் கட்டிக்காத்து வைத்திருக்கிறேன், பார். பிறகுதான் புத்தி வந்தது. உடைத்து எடைக்குப் போட்ட மிஷினுக்கு எவனும் நட்டைச் சேதமில்லாமல் கழற்றி, புள்ளி குத்தி, போல்ட்டுக்குத் துணி சுற்ற மாட்டான். உன் அம்மா அன்றைக்குச் சொன்ன அதே நியாயம்தான். நீ செய்வினை என்று சிரித்தாயே, அந்த ஆளின் பொய்க்கு எதிராக இந்த உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே சாட்சி அந்த ஆறு சாக்கு முடிச்சுதான். அதை அவிழ்த்தவன் நீ. எதையும் அவிழ்ப்பதற்கு முன்னால் கட்டினவன் யார் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

அந்த வீடியோவை எடுத்துவிடு என்று நான் சொல்லப் போவதில்லை. எடுத்துவிட்டால் நீ பயந்துவிட்டாய் என்பார்கள், பொய் அப்படியே நிற்கும். இன்னொன்று எடு. வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் அந்த ஹாலில் இருப்பேன், கையில் ஆறு நட்டும் ஒரு கத்தியும் இருக்கும். உன் சிநேகிதன் வேண்டாம், இசை வேண்டாம், நீயே கேமராவைப் பிடி. மிச்ச ஐந்து முடிச்சையும் நானே அவிழ்ப்பேன். ஒன்றிலிருந்து ஆறுவரை புள்ளிகளைக் காட்டுவேன். இதன் ஜோடிப் புள்ளிகள் இரண்டு நாள் ரயில் தூரத்தில் எந்த ஊரில் இருக்கின்றன, அதைப் பொருத்தியது யார், பொருத்திவிட்டு வந்து இங்கே என்ன பொய் சொன்னான் என்று என் பெயரைச் சொல்லிப் பேசுவேன். உன் ஞானத்தகப்பனுக்கும் அதை அனுப்பு. அதைப் பார்த்த பிறகும் உன் கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார மனம் இருந்தால் வரட்டும், நான் தடுக்க மாட்டேன். உன் ஆபீசில் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், பெண் வீட்டில் என்னைப் பற்றிப் பேசுவார்கள். தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நீ வர முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடு, பக்கத்து வீட்டுப் பையனிடம் செல் இருக்கிறது, அவனை எடுக்கச் சொல்கிறேன். ஆனால் நீ எடுத்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கும்.

உன் அம்மா என்னோடு பேசவில்லை என்றேன். சனிக்கிழமை நான் செய்யப் போவதை மட்டும் அவளிடம் சொல்லிவைத்திருந்தேன். நேற்று அவள் தனியாகக் கிளம்பிப் போய், வீடு வீடாக ஏறி, நாற்பது பேரில் உயிரோடு இருக்கிற இருபத்தாறு பேரிடமும் நான் செய்ததையும் செய்யப் போவதையும் சொல்லிவிட்டு வந்தாள். பத்திரிகை கொண்டுபோகவில்லை, வெறுங்கையோடு போனாள். திரும்பி வந்து, சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல் எனக்குச் சேதி சொன்னாள்: சனிக்கிழமை எல்லோரும் கேட்டுக்கு வருகிறார்கள், சூசையம்மா அந்தத் தட்டையும் கொண்டுவருகிறாள், பத்திரிகையை எடுப்பதா அப்படியே திருப்புவதா என்பதை நான் பேசி முடித்த பிறகு அங்கேயே வைத்துச் சொல்வாள். நீ வந்தால் அவர்களைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டியிருக்கும். வழி விடச் சொல்லாதே, ஓரமாகச் சுற்றி வா. அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். உன் அம்மாவும் அவர்களோடுதான் உட்கார்ந்திருப்பாள். இந்தத் தடவை அவர்களை எழுந்திருக்கச் சொல்ல ஒருத்தரும் இல்லை.

அப்பா